துளையை மூடும் வேலை யாருடையது?



தொழில்நுட்பத் தோல்விகளில் மனிதப் பிழையின் பங்கு பற்றிப் பேசச் சொன்னார்கள். போபாலையோ செர்னோபிலையோ எடுத்துக்கொண்டிருக்கலாம். நான் எடுத்துக்கொண்டிருப்பது நம் மாவட்டத்தில் ஊருக்கு ஊர் நடக்கும் ஒரு வேலையை: போர் போடுவது.

2019 அக்டோபர் 25 மாலை, நம் விராலிமலைக்கு அந்தப் பக்கம் மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில், பயன்பாட்டில் இல்லாத ஆழ்துளைக் கிணற்றில் இரண்டு வயதுக் குழந்தை விழுந்தது. பக்கத்தில் இன்னொரு குழி தோண்டி இறங்க ரிக் வண்டிகளைக் கொண்டுவந்தார்கள். பாறை வழிவிடவில்லை. 29ஆம் தேதி அதிகாலை உடலைத்தான் எடுக்க முடிந்தது. இடையில் தீபாவளி வந்து போனது. பல வீடுகளில் அன்று பட்டாசைத் தொடவில்லை.

அதன்பின் யார் குற்றம் என்று நிறையப் பேசினோம். பெற்றோரைச் சொன்னார்கள், அதிகாரிகளைச் சொன்னார்கள். வேலை எந்தக் கட்டத்தில் கைநழுவியது என்ற கேள்வி மட்டும் பின்தங்கிவிட்டது.

சட்டம் இல்லாமல் இல்லை. 2006 ஜூலையில் ஹரியானாவின் குருக்ஷேத்திரம் அருகே ஒரு சிறுவன் இப்படி விழுந்து உயிரோடு மீட்கப்பட்டதை நாடே பார்த்தது. அதற்குப் பிறகும் விபத்துகள் தொடரவே, 2010இல் உச்ச நீதிமன்றம் நெறிமுறைகளை வகுத்தது. போர் போடுவதற்கு 15 நாள் முன்பே தெரிவிக்க வேண்டும். வேலை நடக்கும் இடத்தைச் சுற்றி முள்வேலி கட்ட வேண்டும். கேசிங் பைப்பைச் சுற்றி சிமென்ட் மேடை போட வேண்டும். வாயை இரும்புத் தகடு வைத்து வெல்டிங் செய்தோ, போல்ட் போட்ட மூடியாலோ அடைக்க வேண்டும். கைவிட்ட துளையை அடியிலிருந்து தரைமட்டம் வரை மண்ணும் கல்லும் போட்டு நிரப்ப வேண்டும். தமிழ்நாடும் 2015இல் ஊராட்சிகளுக்கெனத் தனி விதிகள் கொண்டுவந்தது. நல்ல விதிகள். இவ்வளவும் இருந்தும் துளைகள் ஏன் திறந்தே கிடக்கின்றன?

விடை தெரிய, போர் போடும் இரவைப் பார்க்க வேண்டும். நம் மாவட்டத்தின் மேற்குப் பகுதி கடும்பாறை. பாயிண்ட் பார்த்துச் சொன்ன இடத்தில் ரிக் நிற்கிறது, பக்கத்தில் கம்ப்ரசர் லாரி. மேல்மண் முடிந்து பாறை தட்டும் வரை கேசிங் இறக்குகிறார்கள். பிறகு ராடுக்கு மேல் ராடு. கூலி அடிக்கணக்கு, ஆழம் கூடக் கூட அடிக்கான ரேட்டும் ஏறும். முந்நூறு அடி, நானூறு அடி, இன்னும் வெறும் புகைதான். வீட்டுக்காரர் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து ஏஜெண்டின் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார். வட்டிக்கு வாங்கிய பணம் பாறைத்தூளாக மேலே வருகிறது. அறுநூறு அடியில் நிறுத்தச் சொல்கிறார். கேசிங்கையாவது உருவிக் கொடுங்கள், வேறு இடத்துக்கு ஆகும் என்கிறார். விடியுமுன் வண்டி அடுத்த ஊருக்குக் கிளம்பிவிடுகிறது.

கேசிங் போனதும் மேல்மண்ணுக்குப் பிடிமானம் இல்லை. வாய் சரிந்து அகலமாகிறது. ஒரு சாக்கைப் போட்டு அதன்மேல் நாலு கூடை மண்ணைத் தள்ளுகிறார்கள். அந்த மண் அடிவரை போய்ச் சேருவதில்லை, நடுவில் எங்கோ சிக்கி நிற்கிறது. மேலே பார்த்தால் சமதரை. ஒரு மழைக்காலம், இரண்டு மழைக்காலம் தாங்கும். பிறகு ஒருநாள் நனைந்த மண் அப்படியே உள்ளே இறங்கிவிடும்.

இதில் யார் கெட்டவர்? ரிக்காரருக்கு வேலை முடிந்துவிட்டது. ஏஜெண்டுக்குக் கமிஷன் வந்துவிட்டது. வீட்டுக்காரர் கையில் காசு இல்லை, மனதில் தெம்பும் இல்லை. ஊராட்சிக்குச் செய்தியே போகவில்லை. துளையை மூடும் வேலை மட்டும் யாருடையதாகவும் இல்லாமல் கிடக்கிறது. மிகச் சோர்ந்திருக்கும் மனிதனிடம், மிகச் சோர்ந்திருக்கும் நேரத்தில் அந்தக் கடைசி வேலையை விட்டுவிட்டு வருகிறோம்.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்க விமானப்படைக்கு இப்படி ஒரு சிக்கல் வந்தது. பி-17 போன்ற விமானங்கள் நல்லபடியாகத் தரையிறங்கி ஓடும்போது, விமானிகள் இறக்கையின் மடலை மடக்குவதற்குப் பதிலாகச் சக்கரத்தையே மடக்கிவிட்டார்கள். விமானியின் தவறு என்றே அறிக்கைகள் எழுதப்பட்டன. அல்போன்ஸ் சபானிஸ் என்ற இளம் உளவியலாளர் விமானி உட்காரும் அறைக்குள் போய்ப் பார்த்தார். இரண்டு கைப்பிடிகளும் பக்கத்தில் பக்கத்தில், ஒரே மாதிரி இருந்தன. சக்கரத்துக்கான கைப்பிடியில் சிறிய ரப்பர் சக்கரத்தையும், மடலுக்கான கைப்பிடியில் ஆப்பு வடிவத் துண்டையும் பொருத்தினால் இருட்டில்கூடக் கைக்குத் தெரியும் என்றார். இன்றும் விமானங்களில் சக்கரக் கைப்பிடியின் முனை சக்கர வடிவில்தான் இருக்கிறது.

அவ்வளவு தூரம் போகவே வேண்டாம். நம் கண்மாய்க் கலிங்கைப் பாருங்கள். வெள்ளம் வரும் இரவில் மடைக்காரர் தூங்கிவிடலாம் என்று கட்டியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. யார் கையும் படாமல், அளவுக்கு மிஞ்சிய நீர் தானாக வழிந்து போகும்படி வைத்தார்கள். கலிங்குக் கற்களின் இடையை நாம் அடைத்து, எடுக்க மறந்தால்தான் கரைக்கு ஆபத்து.

இப்படி அமைப்பைப் பார்க்காமல் ஆளையே பார்ப்பது நம் பழக்கம். 1956 நவம்பர் 23 அன்று அரியலூர் அருகே மருதையாற்றுப் பாலத்தில் வெள்ளத்தால் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்து 140 பேருக்கு மேல் இறந்தார்கள். ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படிக்கிறோம், அந்த மனிதரின் பெருமையில் ஐயமில்லை. ஆனால் ஆற்றின் நிலையை ஓட்டுநருக்கு முன்கூட்டிச் சொல்ல அன்றிரவு என்ன ஏற்பாடு இருந்தது என்று நம் பொறியியல் வகுப்புகளில் யாராவது கேட்கிறோமா? பொறுப்பேற்றவரை நினைவில் வைத்தோம்; பாலத்தை மறந்துவிட்டோம். எனக்கு இது பெரிய குறையாகப் படுகிறது.

எனவே என் வேண்டுகோள் இதுதான். மூடி போடுவது போர் போடும் வேலையின் ஒரு பகுதியாக வேண்டும். அடிக்கணக்கோடு சேர்த்தே மூடிக்கும் விலை பேசிவிட வேண்டும். ரிக்கோடு மூடியும் வண்டியில் வர வேண்டும். தண்ணீர் வந்தாலும் வராவிட்டாலும், வாயை அடைத்த பிறகுதான் கடைசித் தவணை கைமாற வேண்டும். கேசிங்கை உருவுவதாக இருந்தால், துளையை அடிவரை நிரப்பும் வேலையும் அதே கூலியில் அடங்க வேண்டும்.

ஏற்கெனவே திறந்து கிடப்பவற்றுக்கு வேறு வழி தேவை. என் நிலத்தில் ஒன்று இருக்கிறது என்று சொன்னால் அபராதம் வருமோ, வழக்கு வருமோ என்று விவசாயி அஞ்சினால் சொல்லவே மாட்டார். அமெரிக்காவில் 1976 முதல், விமானிகள் தங்கள் தவறுகளைத் தாங்களே எழுதித் தெரிவிக்க ஓர் ஏற்பாடு இருக்கிறது. அறிக்கைகளைப் பெறுவது தண்டிக்கும் துறை அல்ல, நாசா. எழுதியவரின் பெயரை வெளியே விடுவதில்லை. நம் ஊராட்சிகளும், தானாக முன்வந்து சொல்பவருக்கு அபராதம் இல்லை, நிரப்பவும் உதவுவோம் என்று அறிவிக்கலாம். சொல்லாமல் மறைத்தவரிடம் கண்டிப்பு காட்டலாம்.

இந்தத் துளைகளைப் பட்டியல் எடுக்க, பாலிடெக்னிக், ஐடிஐ மாணவர்களான நீங்கள் போக வேண்டிய முதல் இடம் நிலம் அல்ல. சோளமும் கருவேலமும் வளர்ந்து துளைகளை மறைத்திருக்கும். ஏஜெண்டுகளிடமும் மோட்டார் இறக்கி ஏற்றும் மெக்கானிக்குகளிடமும் போங்கள். எந்த வருடம், யார் கொல்லையில், எத்தனை அடியில் புகை வந்தது என்பது அவர்களுக்கு நினைவிருக்கும். பலர் நோட்டிலும் குறித்து வைத்திருப்பார்கள். அவர்களிடம் குற்றம் விசாரிக்கும் குரலில் பேசாதீர்கள். இடத்தை மட்டும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.