சாமியும் வேணும், செடியும் வேணும், மாத்திரையும் வேணும்

(ஊராட்சி அளவிலான கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் நமது கள ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



வழக்கமாக நம் கூட்டத்தில் சேமிப்பு, சந்தா, வங்கிக் கடன், தவணை என்றுதான் பேச்சு இருக்கும். இன்றைக்கு சர்க்கரை நோயைப் பற்றிப் பேசச் சொல்லி நிர்வாகக் குழு கேட்டுக்கொண்டது. 'இனிப்பு சாப்பிடாதே, நடந்து போ' என்று உங்களுக்கு எல்லோரும் சொல்லிவிட்டார்கள். அதையே நானும் சொன்னால் நீங்கள் கொட்டாவி விடுவீர்கள். முழுசாகப் போகாத ஒரு நோயோடு இருபது, முப்பது வருஷம் மனசு ஒடியாமல் வாழ்வது எப்படி என்பதைத்தான் நான் பேச வந்திருக்கிறேன். அதில் சாமி நம்பிக்கைக்கு என்ன இடம், கொல்லையில் இருக்கிற நாலு செடிக்கு என்ன இடம் என்று பார்ப்போம்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023-ல் வெளிவந்தது. நம் நாட்டில் சுமார் 10 கோடி பேருக்கு சர்க்கரை நோய் இருப்பதாக அது சொன்னது. ஆனால் ஒரு குழுவில் போய் 'யாருக்கு சர்க்கரை இருக்கு?' என்று கேட்டால் ஒரு கை கூட எழும்பாது. கூட்டம் முடிந்து நான் வண்டி எடுக்கும்போது ஒருவர் பின்னாலேயே வந்து, 'தங்கச்சி, எனக்கும் இருக்கு, வெளியில சொல்லிடாத' என்பார். கடன் கொடுக்க யோசிப்பார்களோ என்று ஒரு பயம். பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கும்போது பேச்சு வருமோ என்று ஒரு பயம். இதை எல்லாம் விடப் பெரியது, 'நான் என்ன பாவம் செஞ்சேன், எனக்கு ஏன் வந்துச்சு?' என்கிற கேள்வி.

சகோதரிகளே, இது பாவத்தால் வருகிற நோய் இல்லை. நம் வயிற்றுக்குள் கணையம் என்று ஓர் உறுப்பு இருக்கிறது. அதில் சுரக்கிற இன்சுலின் குறைந்தாலோ, சுரந்தும் சரியாக வேலை செய்யாவிட்டாலோ ரத்தத்தில் சர்க்கரை ஏறுகிறது. குடும்ப வழி, உடல் எடை, கர்ப்ப காலத்தில் வந்துபோன சர்க்கரை என்று பல காரணங்கள் உண்டு. தண்டனை என்று நினைப்பவர்கள் மறைப்பார்கள். மறைப்பவர்கள் மருந்தை விட்டுவிடுவார்கள்.

ஓர் அக்காவின் கதை

நம் பகுதிக் குழு ஒன்றில் இருக்கிற ஓர் அக்காவைப் பற்றிச் சொல்கிறேன். பேர் சொல்லாமல் சொல்லலாம் என்று அவரே அனுமதி கொடுத்தார். சர்க்கரை என்று தெரிந்து மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், 'இந்த நோய் போகணும்' என்று சமயபுரத்தாளுக்கு வேண்டிக்கொண்டு, பங்குனி வெயிலில் செருப்பில்லாமல் நடந்து போனார். போவதற்கு முன்பே மாத்திரையையும் நிறுத்திவிட்டார். ஏன் என்று கேட்டதற்கு, 'மாத்திரையும் முழுங்கினா ஆத்தாளை நம்பாத மாதிரி ஆயிடுமே' என்றார்.

காலில் கொப்புளம் வந்தது அவருக்குத் தெரியவில்லை, ஏனென்றால் வலிக்கவில்லை. பல வருஷம் சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால் பாதத்தில் நரம்பு மரத்துப்போகும். முள் குத்தினாலும் சூடு பட்டாலும் தெரியாது. வீட்டுத் திண்ணையில் ரத்தக் கறையைப் பார்த்து மருமகள்தான் கண்டுபிடித்தது. அதற்குள் புண் ஆழமாகிவிட்டது. கடைசியில் இரண்டு விரலை எடுக்க வேண்டியதாகிப் போனது.

கட்டுப் போட்ட காலோடு மூணு மாசம் வீட்டில் இருந்தார். குழுவுக்கு வரவில்லை, யாரிடமும் பேசவில்லை. 'கட்டையா உக்காந்திருக்கேன்' என்று அழுவார். ஆடி பிறந்தது. 'ஆடிப் பட்டம் தேடி விதை' என்பார்களே, மருமகள் கொல்லையில் பீர்க்கை, அவரை, பரங்கி விதை ஊன்றியது. மாமியார் சும்மா இருக்கிறாரே என்று பக்கத்தில் ஒரு முக்காலியைப் போட்டு, 'அத்தை, நீங்க கொஞ்சம் தண்ணி மட்டும் ஊத்துங்க' என்றது. சொம்பில் மொண்டு ஊற்ற ஆரம்பித்தார். கொடி கூரை ஏறியது.

அந்த அக்கா என்னிடம் சொன்னதை அப்படியே சொல்கிறேன்: 'பரங்கிப்பூ விடியக்காலம் விரியுது. பீர்க்கம்பூ பொழுது சாயுறப்ப விரியுது. காலை மாத்திரைக்கு முன்னாடி பரங்கிப்பூவைப் போய்ப் பார்ப்பேன், ராத்திரி மாத்திரைக்கு முன்னாடி பீர்க்கம்பூவைப் போய்ப் பார்ப்பேன். பூவைப் பார்த்தா மாத்திரை ஞாபகம் வந்துடும்.'

சாமியை விட்டுவிட்டாரா என்றால் இல்லை. 'முன்னே எல்லாம், ஆத்தா இந்த நோயை எடுத்துடுன்னு கேட்பேன். இப்ப, இன்னிக்கு ஒரு நாளைத் தாண்டிக் கொடுன்னு கேட்குறேன். அது தினமும் கிடைக்குது தங்கச்சி' என்றார். இதைக் கேட்டபோது எனக்குப் பேச வரவில்லை.

விதையை ஊன்றிவிட்டு, 'மழையை சாமி பார்த்துக்கும்' என்று தண்ணீர் ஊற்றாமல் இருப்போமா? இருக்க மாட்டோம். சாமி மேல் பாரத்தைப் போட்டு, குடத்தையும் தூக்குவோம். உடம்புக்கும் அதுதான் முறை. 1921-ல் கனடாவில் இன்சுலின் கண்டுபிடிக்கும் வரை, சின்ன வயதில் சர்க்கரை வந்த பிள்ளைகளைக் காப்பாற்ற வழியே இல்லாமல் இருந்தது. அந்த மருந்தும் சாமி கொடுத்ததுதான் என்று எடுத்துக்கொள்ளுங்கள். 'ஊசி போட்டா கடைசிக் கட்டம்' என்ற பயமும் தேவையில்லை. அந்த உடம்புக்கு அது தேவைப்படுகிறது, அவ்வளவுதான்.

விரதமும் நேர்த்திக்கடனும்

யாரையும் கும்பிட வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். மாரியம்மனோ, வேளாங்கண்ணி மாதாவோ, நாகூர் தர்காவோ, அவரவர் நம்பிக்கை அவரவருக்குத் துணை. ஆனால் சர்க்கரை உள்ளவர்கள் இவற்றை மனதில் வையுங்கள்.

• முழுப் பட்டினி விரதத்துக்கு முன்னால் டாக்டரிடமோ செவிலியரிடமோ கேளுங்கள். மாத்திரையோ ஊசியோ போட்டுக்கொண்டு சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கலாம். கை நடுங்கும், வியர்க்கும், கண் இருட்டும். உடனே மூணு டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். 15 நிமிஷத்தில் தெளியாவிட்டால் மறுபடியும் குடிக்க வேண்டும். மயங்கிக் கிடப்பவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, 108-ஐ அழையுங்கள்.

• நோயாளிகளுக்கு நோன்பில் விலக்கு உண்டு என்று குர்ஆனே சொல்கிறது. கிறிஸ்தவ சபையும் நோயாளிகளைக் கட்டாயப்படுத்துவதில்லை. நம் ஊர்ப் பெரியவர்களும் 'உடம்பு முடியாதவ பால் பழம் சாப்பிட்டு இரு' என்றுதான் சொல்லி வந்திருக்கிறார்கள். எவ்வளவு சாப்பிடலாம் என்று மட்டும் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

• வெறுங்கால் நடை, தீமிதி இரண்டும் வேண்டாம். அதற்குப் பதில் வீட்டுச் செம்பருத்தியையோ மல்லிகையையோ தொடுத்துக் கொண்டுபோய்ச் சாத்துங்கள். நம் கையால் வளர்த்த பூவைச் சாமி தள்ளிவிடாது.

செடி வளர்க்க யோசிப்பவர்களுக்கு

நிலம் இல்லை என்று சொல்லாதீர்கள். ஓட்டைக் குடத்திலும் சாக்கிலும் கூட கீரை வரும். சிறுகீரை ஒரு மாதத்துக்குள் பறிக்கலாம். ஒரு முருங்கைக் கொம்பை நட்டால் வருஷக்கணக்கில் கீரை. சாப்பாட்டுத் தட்டில் சோறு குறைந்து காய், கீரை கூடினால் சர்க்கரைக்கு நல்லது. மண்ணைக் கிளறுவதும் களை பறிப்பதும் உடம்புக்கு வேலை. தினம் அரை மணி நேரம், வாரத்தில் ஐந்து நாள் உடம்பு அசைந்தால் போதும் என்றுதான் டாக்டர்கள் சொல்கிறார்கள்.

கொல்லையில் இறங்கும்போது கட்டாயம் செருப்பு போடுங்கள். வெறும் வயிற்றில் வேலை செய்யாதீர்கள். வேலை முடிந்ததும் காலைக் கழுவி, விரல் இடுக்கு வரை துடைத்து, உள்ளங்காலைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். சின்னக் கீறல் என்றாலும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். இன்னொன்று: பாகற்காய் நல்ல காய்தான், கறி வைத்துச் சாப்பிடுங்கள். ஆனால் பாகற்காய்ச் சாறு குடிக்கிறேன் என்று மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

குழுவாக நாம் என்ன செய்யலாம்?

நம் மாநிலத்தில் மகளிர் குழுக்கள் 1989-ல் தருமபுரி மாவட்டத்தில் தொடங்கின. அந்த மாவட்டத்திலிருந்து 2004-ல் பிரிந்ததுதான் கிருஷ்ணகிரி. 2021 ஆகஸ்ட் 5-ம் தேதி, சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் வீட்டுக்கே மருந்து கொண்டுவருகிற 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் அதே கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்டது. வீடு வீடாகப் போகிற தன்னார்வலர்களாக எடுக்கப்பட்டதும் நம்மைப் போன்ற குழுப் பெண்களைத்தான். பக்கத்து வீட்டுக்காரிக்கு மருந்து கொண்டுபோகிற நாம், நம் நோயை மட்டும் முந்தானைக்குள் மறைக்கலாமா?

ஆகவே மூன்று தீர்மானம் கேட்கிறேன். ஒன்று, ஒவ்வொரு மாதமும் ஒரு கூட்டத்தில் சேமிப்பு வரவு வைத்த பிறகு பத்து நிமிஷம், 'மாத்திரை தவறாமல் சாப்பிட்டீர்களா, காலைப் பார்த்தீர்களா' என்று ஒருவரை ஒருவர் கேட்போம். இரண்டு, நோயைக் காரணம் காட்டி எந்த உறுப்பினருக்கும் உள்கடன் மறுக்க மாட்டோம் என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதுவோம். மூன்று, அவரவர் வீட்டு விதையில் ஒரு பிடி எடுத்து வந்து பகிர்ந்துகொள்வோம். உடம்பு முடியாமல் வீட்டில் இருக்கிற உறுப்பினருக்கு முதல் பொட்டலம் போகட்டும். தவணை வாங்க மட்டும் அவர் வாசலுக்குப் போகிறவர்களாக நாம் இருக்கக் கூடாது.

அந்த அக்கா இப்போது கூட்டத்துக்கு வருகிறார். செருப்பு போட்டுக்கொண்டு, மடியில் அவரைக்காய் கட்டிக்கொண்டு வருகிறார். நோய் போகவில்லை, ஆனால் பயம் குறைந்திருக்கிறது. அந்தத் தைரியம் நம் எல்லோருக்கும் வேண்டும் என்று கேட்டு, என் உரையை முடித்துக்கொள்கிறேன்.