மீட்டிங் மலை மேலயா, அடிவாரத்துலயா?

இருபது பேர் டீமோட மேகமலையில மீட்டிங் போடப் போறீங்களா? முதல்ல நேரத்தைக் கணக்குப் போடுங்க.

சென்னை - போடி ரயில் 2023 ஜூன்ல இருந்து ஓடுது. ஆனா வாரத்துக்கு மூணு நாள்தான். காலையில தேனியில இறங்கி, சின்னமனூர் வழியா தென்பழனி செக்போஸ்ட் போகணும். அதுக்கு மேல 18 கொண்டை ஊசி வளைவு. புலிகள் காப்பகம்ங்கிறதால இருட்டினதும் வண்டியை விடமாட்டாங்க. ஒருத்தர் லேட்டானாலும் இருபது பேரும் கேட்லதான் நிக்கணும்.

அதனால தங்குறது கம்பத்துல, பேசுறது ராயப்பன்பட்டி திராட்சைத் தோட்டத்துல. சண்முகாநதி அணையும் பக்கம்தான். முடிவெடுக்க வேண்டியதை முதல் நாளே பேசி முடிச்சிடுங்க. மறுநாள் காலையில சின்ன வேன்ல மேல ஏறி, வெளிச்சம் இருக்கும்போதே இறங்கிடுங்க. மலையை ரசிக்க மட்டும் வச்சுக்கலாம்!