சோழர் காலத்து நாகப்பட்டினம்
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



ஜோகுபாளையத்தில் பிறந்து வளரும் எம் மக்கள், “நமக்குச் சொந்த ஊர் எது?” என்று வினவும்போதெல்லாம், “நாகப்பட்டினம்” என்று யாம் விடையிறுப்பது வழக்கம். எம் கொள்ளுப்பாட்டனார் அங்கிருந்த இரயில்வே பட்டறையில் பணிபுரிந்தவர். 1920-களின் பிற்பகுதியில் பட்டறை பொன்மலைக்கு மாற்றப்பட்டபோது குடும்பமும் பெயர்ந்தது, பின்னர்ப் பெங்களூர். “அங்கே என்ன இருக்கிறது?” என்று அவர்கள் அடுத்துக் கேட்டபோது யாம் விழித்தோம். அதன் பின்னரே நூல்களைப் புரட்டலானோம். யாம் பத்தாம் வகுப்பு மட்டும் தேறிய எழுத்தர். பிழை காணின் புலவர்கள் பொறுத்தருள்க.

தேவார மூவரும் பாடிய காரோணக் கோயில் அவ்வூரின் பழம்பெருமை. ஆயினும் அதனை உலகத் துறைமுகமாக்கியது கடல் வாணிகமே. கடாரத்தையும் ஸ்ரீவிஜயத்தையும் ஆண்ட மாறவிஜயோத்துங்கவர்மன், தன் தந்தை சூளாமணிவர்மன் பெயரால் அங்கே ஒரு புத்த விகாரம் எழுப்பினான். தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டிய சிவநெறிச் செல்வனாகிய இராசராசன், தன் 21-ஆம் ஆட்சியாண்டில், ஏறத்தாழ 1006-இல், ஆனைமங்கலம் என்னும் ஊரை அவ்விகாரத்திற்கு அளித்தான். பிடியானையை நடத்தி எல்லை வகுத்தனர். ஆண்டு வருவாய் 8,943 கலத்திற்கு மேற்பட்ட நெல். மீதியைத் தூணி, குறுணி, நாழி வரை விடாது எழுதியிருக்கின்றனர். நாள்தோறும் கணக்கெழுதும் எமக்கு, அவ்வெழுத்தர்மீது தனி மதிப்பு உண்டாயிற்று!

இராசராசன் மறைந்தபின், தந்தையின் வாக்கைச் செப்பேட்டில் பொறிக்கச் செய்தவன் இராசேந்திரன். அவனே 1025-ஆம் ஆண்டளவில் அதே கடாரத்தின்மீது கப்பற்படை செலுத்தினான். ஒரு கை கொடுத்தது, மறு கை அடித்தது. இதனை மறைத்துப் பெருமை மட்டும் பேசுதல் எமக்கு உடன்பாடன்று. எனினும் உறவு அறுந்துவிடவில்லை. முதற் குலோத்துங்கன் காலத்தில், 1090-ஆம் ஆண்டளவில், கடாரத்துத் தூதர் வந்து வேண்ட, விகாரத்து ஊர்களுக்கு வரிச்சலுகை வழங்கப்பட்டது. சீனரும் அங்கு வந்தனர். 1267-இல் கட்டி முடிந்ததாகச் சீன எழுத்துப் பொறித்த செங்கற்கோபுரம் ஒன்று அங்கிருந்ததை, 14-ஆம் நூற்றாண்டுச் சீனப் பயணி வாங் தாயுவான் குறித்துள்ளார்.

இங்கிலாந்தின் கீழைக் கரையில் டன்விச் என்றொரு துறைமுகம் இருந்தது. 1286 முதலாகப் புயல்கள் தாக்க, கோயில்களும் தெருக்களும் சிறிது சிறிதாகக் கடலுள் வீழ்ந்தன. நாகையின் கோபுரத்தையோ கடல் கொள்ளவில்லை. மாலுமிகளுக்கு அடையாளமாக நின்ற மூன்று நிலைக் கோபுரத்தை, வால்டர் எலியட் என்னும் ஆங்கில அதிகாரி 1846-இல் கண்டு பதிவு செய்தார். பாழடைந்தது என்று கூறி, 1867-இல் அரசின் இசைவுடன் இடித்தனர். ஆறு ஆண்டுகளுக்கு முன்னரே, 1861-இல், அவ்வூருக்கு இரயில் வந்துவிட்டது! கல்லும் மண்ணும் சுமக்க வண்டி இருந்த ஊரில், கோபுரத்தைப் பழுதுபார்க்க ஆளில்லை போலும்.

1856 முதலாக அவ்வூர் மண்ணில் கிடைத்த புத்தர் படிமங்கள் ஏறத்தாழ 350. அவற்றுட் பல சென்னை அருங்காட்சியகத்தில் உள்ளன. செப்பேடுகள் டச்சுக்காரருடன் கடல் கடந்தன. 1862-இல் ஹாலந்தின் லெய்டன் பல்கலைக்கழகத்தை அடைந்தமையால் ‘லெய்டன் செப்பேடுகள்’ என்னும் பெயர் பெற்றன. ஆனைமங்கலச் செப்பேடுகள் என்றும் அவை வழங்கப்படுகின்றன.

வரும் கோடை விடுமுறையில் மக்களை அழைத்துக்கொண்டு யாம் நாகைக்குச் செல்லவிருக்கின்றோம். உடன்வர விரும்பும் குடும்பத்தார், பயணச்சீட்டு முன்பதிவுக்காக இப்போதே பெயர் தருக.