ராஜா ஒழிந்தால் குடிஅரசு ஆகுமா?

(ரோமாபுரிச் சரித்திரத்தைப் பற்றிய சொற்பொழிவு)



ரோமாபுரியார் கி.மு. 509-ல் டார்க்வின் என்ற அரசனைத் துரத்திவிட்டுக் குடிஅரசு ஏற்படுத்திக் கொண்டார்கள் என்பது அவர்களது சரித்திரக்காரர்கள் வாக்கு. ஒரு ராஜாவுக்குப் பதிலாக, வருஷந்தோறும் மாறும் கான்சல்கள் இருவர் வந்தார்கள். ஆனால் அதிகாரம் யார் கைக்குப் போயிற்று? பட்ரீஷியர் என்னும் பிரபுக்கள் கைக்கே போயிற்று. புரோகிதம் அவர்களுக்கு, நியாயஸ்தலத்தில் சொல்ல வேண்டிய வாசகமும், வழக்காடத் தகுந்த நாள் எது என்ற பஞ்சாங்கமும் அவர்களுக்கே தெரியும். பிளபியர் என்ற பொதுஜனங்களுக்கோ யுத்தமும், கடனும், கடனுக்காக அடிமைப்படுவதுந்தான் மிச்சம்.

அவர்கள் தலைவிதி என்று சும்மா இருந்தார்களா? இல்லை. கி.மு. 494-ல் கூட்டமாகப் பட்டணத்தை விட்டு வெளியேறி ஒரு குன்றின்மேல் போய் உட்கார்ந்து கொண்டார்கள். சண்டைக்கு ஆளில்லை என்றதும் பிரபுக்கள் வழிக்கு வந்தார்கள். பொதுஜனங்களைக் காக்க ட்ரிப்யூன் என்ற அதிகாரிகள் ஏற்பட்டார்கள். கி.மு. 451, 450-ல் சட்டங்கள் பன்னிரண்டு பலகைகளில் எழுதி வைக்கப்பட்டன. அதிலேயே, இரு வகுப்பாரும் கலியாணம் செய்துகொள்ளக் கூடாது என்றும் எழுதிவிட்டார்கள்! கி.மு. 445-ல் கனூலியஸ் என்ற ட்ரிப்யூன் அதை ஒழிக்கக் கிளம்பியபோது, இரத்தம் கலந்தால் சகுனம் கெட்டுவிடும் என்று பிரபுக்கள் கூக்குரலிட்டதாக லிவி எழுதியிருக்கிறார். தடை ஒழிந்தது, ரோமாபுரி முழுகிப் போய்விடவில்லை.

கி.மு. 304-ல், விடுதலை பெற்ற அடிமை ஒருவரின் மகனான பிளேவியஸ், அந்தப் பஞ்சாங்கத்தை எல்லோரும் பார்க்கும்படி பொது மன்றத்தில் எழுதி வைத்தார். கி.மு. 300-ல் உயர்ந்த புரோகித ஸ்தானங்களில் பொதுஜனங்களுக்கும் இடம் கிடைத்தது. கி.மு. 287-ல் பொதுஜன சபையின் தீர்மானம் பிரபுக்களையும் கட்டுப்படுத்தும் என்றாயிற்று.

இவ்வளவு செய்தும் ஓட்டில் ஏமாந்தார்கள். கான்சலைத் தேர்ந்தெடுக்கும் சபையில் ஆளுக்கொரு ஓட்டு எண்ணப்படவில்லை. 193 கூட்டங்களாகப் பிரித்து, கூட்டத்துக்கு ஒரு ஓட்டு. ஆதியில் வகுத்த கணக்குப்படி அவற்றில் 98 பணக்காரர்களுடையவை. சொத்தில்லாத அத்தனை பேருக்கும் சேர்த்து ஒரே கூட்டம்! பெண்களுக்கும் அடிமைகளுக்கும் அதுவுமில்லை. கடைசியில் கி.மு. 27-ல் அகஸ்டஸ் குடிஅரசைத் திருப்பிக் கொடுத்ததாகச் சொல்லிக் கொண்டே, அதிகாரத்தைத் தன் கையில் வைத்துக் கொண்டார். கான்சல்களும் இருந்தார்கள், செனட்டும் இருந்தது, குடிஅரசுதான் இல்லை.

ஆகவே தோழர்களே! ராஜாவைத் துரத்தியது ஒரு வருஷத்து வேலை. பிறப்பின் பேராலும் சகுனத்தின் பேராலும் இருந்த உயர்வைத் தகர்க்க இருநூறு வருஷத்துக்கு மேல் பிடித்தது. பணத்தின் உயர்வோ தகரவேயில்லை. எந்த ஆட்சியானாலும் அதன் பெயரைக் கேட்டு மயங்காதீர்கள். சட்டம் யாருக்குத் தெரிகிறது, ஓட்டு எப்படி எண்ணப்படுகிறது என்று கேளுங்கள் எனக் கூறி, என் வார்த்தைகளை முடித்துக் கொள்ளுகிறேன்.