ஒப்படைக்கும் வரை நம் பிள்ளை

(பள்ளிப் பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)



பரிசளிப்பு விழா என்றால் கல்வியின் சிறப்பைப் பற்றிப் பேசுவது வழக்கம். இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் இரக்கம். தாய் தகப்பன் துணையில்லாமல் தன்னந்தனியாக நாடு விட்டு நாடு வந்து சேரும் அகதிப் பிள்ளைகள்மேல் காட்டப்பட்ட இரக்கம். அந்தப் பணியில் கிறிஸ்துவத் தொண்டர்கள் பலர் முன்னின்று உழைத்திருக்கிறார்கள். அவர்கள் செய்த நல்லதும் உண்டு, பிசகியதும் உண்டு. இரண்டிலும் நமக்குப் பாடம் இருக்கிறது. "மாரியம்மன் கோயில் மணி கேட்கும் தூரத்தில் நின்றுகொண்டு வாத்தியார் என்ன கிறிஸ்துவம் பேசுகிறார்?" என்று சிலர் நினைக்கலாம். பொறுமையாகக் கேளுங்கள். அந்தச் சந்தேகத்துக்கும் பதில் சொல்லத்தான் போகிறேன்.

தோட்டத்துப் பெரியவர்களுக்கு ஆயாக்கொட்டகையைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. விடியாத இருட்டில், பெரட்டுக்குப் போகும் முன், தாய்மார்கள் கைப்பிள்ளைகளைத் தூக்கி வந்து ஆயாவிடம் விட்டுவிட்டுப் பால்மரக் காட்டுக்குப் போவார்கள். அந்த ஆயாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாமல் இருந்திருக்கலாம். ஆனால் எந்தப் பிள்ளை யார் வீட்டுப் பிள்ளை, எதற்குச் சளி, எது தாயின் பழைய சேலையில் படுத்தால்தான் தூங்கும் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். வேலை முடிந்து வரும் தாயிடம், "இந்தா ஒம் புள்ள, கஞ்சி குடிச்சிருச்சு, லேசா மேல் சுடுது, பாத்துக்க" என்று கையில் கொடுத்த பிறகுதான் அவள் வேலை முடியும். எவ்வளவு ஆசையாக வளர்த்தாலும், "இனிமே இது எம் புள்ள" என்று எந்த ஆயாவும் சொன்னதில்லை.

அன்பர்களே, தனியாய் வந்த பிள்ளைக்குச் செய்யும் தொண்டு முழுவதும் இந்த ஆயாவின் வேலைதான். பிள்ளையைக் காப்பது ஒன்று. அதன் பெயரையும் மொழியையும் சமயத்தையும் காப்பது இரண்டு. பெற்றவர்களைத் தேடி ஒப்படைக்கும் வழியைத் திறந்து வைத்திருப்பது மூன்று. முதல் வேலையைச் செய்பவர்கள் பலர். மற்ற இரண்டையும் செய்வதில்தான் இரக்கத்தின் உண்மை விளங்கும்.

தூரத்து நாட்டுக் கதை என்று எண்ணிவிடாதீர்கள். நம் ஜொகூர் மாநிலத்தில், மெர்சிங் கரைக்கு அப்பால் தெங்கா என்ற சிறு தீவு இருக்கிறது. இன்று அங்கே உல்லாச விடுதி இருக்கிறது. 1970-களின் பிற்பகுதியில் அங்கே வியட்நாம் அகதிகள் முகாம் இருந்தது. 1975 ஏப்ரல் 30-ஆம் தேதி சைகோன் நகரம் வீழ்ந்த பிறகு, மீன்பிடிப் படகுகளில் கடலில் இறங்கிய மக்களில் ஏறக்குறைய 250,000 பேர் மலேசியக் கரையை அடைந்தார்கள். திரெங்கானுவில் உள்ள பீடோங் தீவு 1978 ஆகஸ்டில் முகாமாகத் திறக்கப்பட்டது. சில ஆயிரம் பேருக்கென்று ஒதுக்கிய அந்த இடத்தில் 1979-ஆம் ஆண்டு நடுவில் 40,000 பேர் அளவில் நெருக்கியடித்துக்கொண்டு வாழ்ந்தார்கள். அந்தத் தீவின் குன்றில் அகதிகளே மாதா கோயிலும் கட்டினார்கள், புத்தர் கோயிலும் கட்டினார்கள். 1991 அக்டோபரில் முகாம் மூடப்பட்டது.

அந்தப் படகுகளில் தனியாக வந்த பிள்ளைகள் இருந்தார்கள். பெற்ற தாய் எப்படி அனுப்ப மனம் துணிவாள் என்று கேட்பீர்கள். படகுக்காரனுக்குக் கொடுக்கத் தங்கம் வேண்டும். குடும்பம் முழுவதற்கும் கொடுக்க முடியாதவர்கள் ஒரு பிள்ளையையாவது அனுப்பினார்கள். கம்போடியப் போருக்கு மகனைப் படையில் சேர்த்துவிடுவார்களே என்று பயந்து அனுப்பியவர்கள் உண்டு. இருட்டில் கடற்கரையில் ஓடும்போது கை நழுவி, பிள்ளை படகிலும் தாய் கரையிலுமாகப் பிரிந்தவர்கள் உண்டு. சயாம் வளைகுடாவில் கொள்ளைக்காரர்களிடமும் புயலிடமும் பெற்றோரைப் பறிகொடுத்த பிள்ளைகளும் உண்டு. ஆகவே தனியாய் வந்த பிள்ளைகள் எல்லாரும் அநாதைகள் அல்லர். பலருக்கு எங்கோ ஒரு தாய் உயிரோடு காத்துக்கொண்டிருந்தாள்.

இதை மறந்தால் என்ன ஆகும் என்பதற்கும் அதே வியட்நாம்தான் சான்று. 1975 ஏப்ரலில், சைகோன் வீழும் முன், 2,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகளை விமானங்களில் ஏற்றி அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள். முதல் விமானமே விபத்துக்குள்ளாகிப் பல பிள்ளைகள் மாண்டுபோனார்கள். பிழைத்துப் போய்ச் சேர்ந்தவர்களில் சிலர் அநாதைகளே அல்லர் என்பது பிறகு தெரிந்தது. போர்க்காலத்தில் சோற்றுக்கும் பாதுகாப்புக்குமாக இல்லங்களில் விடப்பட்டிருந்த பிள்ளைகள் அவர்கள். சரியான குறிப்பேடு இல்லை, பெயர் மாறிப்போயிற்று. பின்னால் வந்த தாய்மார்கள் தங்கள் பிள்ளைகளைக் கேட்டு நீதிமன்றம் ஏறினார்கள். அனுப்பியவர்கள் கெட்டவர்களா? இல்லை, இரக்கப்பட்டவர்கள்தான். இரக்கம் அவசரப்பட்டதால் வந்த வினை அது.

இதற்குப் பிறகு வந்த ஏற்பாடு திருத்தமாக அமைந்தது. தென்கிழக்காசிய முகாம்களில் தனித்திருந்த பிள்ளைகளுக்காக 1980-ஆம் ஆண்டு வாக்கில் அமெரிக்காவில் ஒரு திட்டம் உருவாயிற்று. அரசாங்கப் பணத்தில் அதைப் பல பத்தாண்டுகள் நடத்தியவர்கள் லூத்தரன் சபையாரும் கத்தோலிக்க ஆயர் பேரவையாரும். 13,000-க்கும் அதிகமான பிள்ளைகள் அதன் வழி வளர்ந்தார்கள். அதன் விதியைக் கவனியுங்கள்: பிள்ளை வளர்ப்புக் குடும்பத்தில் இருக்கும், ஆனால் பொதுவாகத் தத்துக் கொடுக்கப்படாது. ஏன்? பெற்றோர் உயிரோடிருக்கலாம், ஒருநாள் சேர்த்துவைக்க வேண்டும் என்பதனால். பிள்ளையின் மொழி, பண்பாடு, சமயம் ஆகியவற்றைக் காப்பதும் விதியிலேயே இருந்தது. நம் ஆயாவின் சட்டம் அமெரிக்காவில் எழுத்தில் ஏறியிருக்கிறது, பாருங்கள்!

இந்தக் காலத்தில்தான் பெத்ரோ அருப்பே என்ற பெரியவரின் பெயரும் வருகிறது. ஸ்பெயின் நாட்டவர், யேசு சபையின் உலகத் தலைவர். இளமையில் மருத்துவம் படித்தவர். 1945-இல் ஹிரோஷிமாவில் அணுகுண்டு விழுந்தபோது நகருக்கு வெளியே தம் மடத்தையே மருத்துவமனையாக்கிக் காயம்பட்டவர்களைக் காத்தவர். படகு மக்களின் துயரம் அவர் மனத்தை உலுக்கியதால் 1980 நவம்பரில் யேசு சபை அகதிகள் பணி என்ற அமைப்பைத் தொடங்கினார். அகதிகளோடு கூடவே இருப்பதை அந்த அமைப்பு தன் முதல் கடமையாக வைத்துக்கொண்டது. அரிசி மூட்டையை இறக்கிவிட்டுத் திரும்பிப் போய்விட்டால் பிள்ளையின் பெயர் யாருக்குத் தெரியும்? கூட இருப்பவனுக்குத்தான் தெரியும்.

இனி அந்தச் சந்தேகத்துக்கு வருகிறேன். "பிள்ளையை வாங்கி மதம் மாற்றிவிட்டால்?" நியாயமான கேள்வி. வரலாற்றில் அப்படி நடந்தும் இருக்கிறது. 1938 டிசம்பர் முதல் 1939 செப்டம்பரில் போர் மூளும் வரை, ஹிட்லரின் கொடுமைக்குத் தப்பி ஏறத்தாழ 10,000 பிள்ளைகள், பெரும்பாலும் யூதப் பிள்ளைகள், பெற்றோர் இல்லாமல் இங்கிலாந்துக்கு வந்தார்கள். கழுத்தில் எண் எழுதிய அட்டையோடு ரயிலேறிய அந்தப் பிள்ளைகளைக் காக்க யூத அமைப்புகளோடு தோளோடு தோள் நின்றவர்கள் குவேக்கர் என்னும் கிறிஸ்துவ சபையார். அவர்களின் போர்க்காலத் தொண்டுக்கு 1947-இல் நோபெல் சமாதானப் பரிசே கிடைத்தது. ஆனால் யூத வீடுகள் போதாமல் கிறிஸ்துவ வீடுகளில் வளர்ந்த பிள்ளைகளில் சிலர் ஞானஸ்நானம் பெற்றார்கள். யூதப் பெரியவர்கள் மனம் புண்பட்டு முறையிட்டார்கள். அந்தப் பிள்ளைகளின் தாய் தகப்பன்மாரில் பெரும்பாலோர் கொல்லப்பட்டுவிட்டார்கள். செத்துப்போன தாய் வந்து கேட்கவா முடியும்? கேட்க ஆளில்லாத இடத்தில்தான் வளர்ப்பவர் இருமடங்கு நேர்மையாக இருக்க வேண்டும்.

கிறிஸ்துவ வேதம் இதற்கு இடம் கொடுக்கிறதா என்று பார்த்தால், அதுவும் நேர்மையின் பக்கம்தான் நிற்கிறது. ஏரோது மன்னனுக்குப் பயந்து குழந்தை இயேசுவைத் தூக்கிக்கொண்டு பெற்றோர் எகிப்துக்கு ஓடிய கதை உங்களில் பலருக்குத் தெரியும். அந்தக் குழந்தையும் ஓர் அகதிக் குழந்தைதான். அந்நியனை ஏற்றுக்கொண்டவன் தம்மையே ஏற்றுக்கொண்டான் என்று இயேசுநாதர் பின்னாளில் போதித்தார். அந்த அந்நியன் முதலில் தம் வழிக்கு மாறிவிட்டு வரவேண்டும் என்று அவர் நிபந்தனை போடவில்லை.

நம் கதைக்கு வருவோம். 1942, 1943-ஆம் ஆண்டுகளில் ஜப்பானியர்கள் சயாம் மரண ரயில் பாதைக்கு இந்தத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்களைக் கொண்டுபோனார்கள். போனவர்களில் எத்தனையோ பேர் திரும்பவில்லை. பிள்ளைகள் லயத்தில் அநாதைகளாய் நின்றார்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள் தங்கள் கஞ்சியில் பங்கு கொடுத்து வளர்த்தார்கள். போருக்குப் பின் சுவாமி சத்தியானந்தா கோலாலம்பூரில் சுத்த சமாஜத்தை நிறுவி, ஆதரவற்ற பிள்ளைகளுக்கு இல்லம் அமைத்தார். காவிகட்டிய துறவி செய்ததும் அங்கிபோட்ட பாதிரியார் செய்ததும் ஒரே வேலைதான். பிள்ளைப் பசிக்குச் சாதியுமில்லை, சமயமுமில்லை.

அந்த வேலை இன்னும் முடியவில்லை. 2024-ஆம் ஆண்டு முடிவில் மலேசியாவில் ஐ.நா. அகதிகள் அலுவலகத்தில் பதிந்தவர்கள் ஏறக்குறைய 190,000 பேர். பெரும்பாலோர் மியன்மார் நாட்டவர். அவர்களில் 50,000-க்கு மேற்பட்டவர்கள் பிள்ளைகள். முஸ்லிம்களான ரொஹிங்கியாக்கள் உண்டு, கிறிஸ்துவர்களான சின் மக்கள் உண்டு. தனியாய் வந்து சேர்ந்த சிறுவர் சிறுமியரும் உண்டு. அரசாங்கப் பள்ளியில் சேர வழியில்லாததால் தேவாலயங்களும் முஸ்லிம் அமைப்புகளும் தொண்டு நிறுவனங்களும் அந்தச் சமூகத்தாரும் கடைவீட்டு மாடிகளில் கற்றல் நிலையங்கள் நடத்தி வந்திருக்கிறார்கள். மலேசியா 1995-இல் ஏற்றுக்கொண்ட பிள்ளைகள் உரிமை ஒப்பந்தத்தின் 20-ஆம் பிரிவு, குடும்பத்தைப் பிரிந்த பிள்ளையின் சமயத்தையும் மொழியையும் மதிக்கச் சொல்கிறது. 22-ஆம் பிரிவு, அகதிப் பிள்ளையின் பெற்றோரைத் தேட உதவச் சொல்கிறது. ஆயாக்கொட்டகையில் நமக்குத் தெரிந்ததைத்தான் உலகம் ஒப்பந்தமாக எழுதியிருக்கிறது.

"நாங்க ஏழபாழைங்க, எங்களால என்ன சார் முடியும்?" என்று கேட்கலாம். முடியும், அம்மா. கடைத்தெருவிலோ காண்டாக் வேலைக்கு வந்த கூட்டத்திலோ தனியாக ஒரு பிள்ளையைக் கண்டால், "யாரு வூட்டுப் புள்ள நீ? ஒம் பேரு என்னா?" என்று கேளுங்கள். மொழி தெரியாவிட்டால் தெரிந்தவரைக் கூட்டி வாருங்கள். சோறு போடுங்கள். அதோடு நிறுத்திவிடாமல், சமூக நல இலாகாவுக்கோ ஐ.நா. அகதிகள் அலுவலகத்துக்கோ, நம்பிக்கையான தொண்டு நிறுவனத்துக்கோ தெரியப்படுத்துங்கள். இலவச வேலையாள் கிடைத்தான் என்று வீட்டு வேலைக்கு வைத்துக்கொள்ளாதீர்கள், அது தர்மமாகாது.

பெற்றோர்களே, இன்னொன்றும் சொல்ல வேண்டும். பிறப்புப் பத்திரம் இல்லாமல் அவதிப்படும் பிள்ளைகள் நம் சமூகத்திலேயே இருக்கிறார்கள். தாளில் பெயர் இல்லாத பிள்ளையின் கஷ்டம் நமக்குத் தெரியாததன்று. தெரிந்தவன் இரங்காவிட்டால் வேறு யார் இரங்குவார்?

மாணவச் செல்வங்களே, இன்று மேடைக்கு வந்தவர்களின் பெயர் ஒலிபெருக்கியில் ஒலித்தபோது அவர்களின் அப்பா அம்மா முகம் மலர்ந்ததைப் பார்த்தீர்கள். பெயர் சொல்லிக் கூப்பிட ஒருவர், அதைக் கேட்டு மகிழ ஒருவர். இந்த இரண்டும் இருக்கிற பிள்ளைதான் பாக்கியசாலி. உலகத்தில் அது இல்லாத பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பதை நினைவில் வையுங்கள். உங்கள் வட்டாரத்துக்கு அப்படி ஒரு பிள்ளை வந்தால் பட்டப்பெயர் வைத்துக் கேலி செய்யாதீர்கள். அதன் சொந்தப் பெயரைக் கேட்டு, திருத்தமாக உச்சரிக்கப் பழகுங்கள். பெற்றவளிடம் ஒப்படைக்கும் வரை அது நம் பிள்ளை.