நாட்டுப்புறப் பாட்டும் வானொலியும்: விடுபட்ட பெயர்கள்



திருச்சி வானொலி நிலையம் 1939 மே 16 அன்று தொடங்கியது. 1995இல் பெரம்பலூர் மாவட்டம் பிரியும்வரை ஆலத்தியூரும் திருச்சி மாவட்டத்து ஊர்தான். 1966இல் அந்த நிலையத்தில் பண்ணை ஒலிபரப்பு வந்தது. ஏடிடி 27 நெல்லை உழவர்கள் 'ரேடியோ நெல்' என்றே அழைத்தார்கள். ஒரு நெல்லுக்கே பெயர் வைக்கும் செல்வாக்கு அந்தப் பெட்டிக்கு இருந்தது. அதே பெட்டியில்தான் நடவுப்பாட்டும் தாலாட்டும் 'நாட்டுப்புறப் பாடல்' என்ற பொதுப்பெயரில் ஒலித்தன.

அந்தப் பாட்டுகளை ஆக்கியவர்கள் யார்? சேற்றில் இறங்கி நட்டவர்கள், கொல்லையில் களை வெட்டியவர்கள். அவர்களில் பெரும்பாலோர் எந்தத் தெருவிலிருந்து வந்தார்கள் என்று உங்களுக்கே தெரியும். வானொலியில் பாட விண்ணப்பம் எழுத வேண்டும், குரல் தேர்வுக்குப் போக வேண்டும், ஒரு நாள் கூலியை இழக்க வேண்டும். எழுத்தும் காசும் இல்லாதவர் வாசலிலேயே நின்றார். அவருடைய பாட்டு மட்டும் இன்னொருவர் குரலில் உள்ளே போனது. 'நாட்டுப்புறம்' என்ற சொல் சாதியையும் கூலியையும் மறைக்கும் நல்ல போர்வையாகவும் அமைந்தது.

கதவு முழுக்க மூடியிருந்தது என்று சொல்லமாட்டேன். 1985இல் 'ஆண்பாவம்' படத்துக்கு முன்பே கொல்லங்குடி கருப்பாயி வானொலியில் பாடியவர். ஆனால் அவர் போன்றவர்கள் சிலரே. கே.ஏ. குணசேகரன் நம் பாட்டை மேடைக்கும் ஒலிநாடாவுக்கும் கொண்டுபோனார். இன்குலாப் எழுதிய 'மனுசங்கடா' அந்த வழியில்தான் ஊர் ஊராகச் சென்றது.

இது நம் நாட்டுக் கதை மட்டுமல்ல. அமெரிக்காவில் 1925இல் தொடங்கிய 'கிராண்ட் ஓலே ஓப்ரி' அந்நாட்டுக் கிராமிய இசையின் புகழ்பெற்ற வானொலி நிகழ்ச்சி. அதன் தொடக்கக் கால நட்சத்திரம் டிஃபோர்டு பெய்லி, மவுத்ஆர்கன் வாசித்த கறுப்பினக் கலைஞர். சுற்றுப்பயணத்தில் வெள்ளையர் தங்கிய விடுதியில் அவருக்கு இடமில்லை. 1941இல் நீக்கப்பட்டார். அதன்பின் காலணி துடைக்கும் கடை நடத்திப் பிழைத்தார். கிராமிய இசையின் புகழ் மன்றத்தில் அவர் பெயர் சேர்ந்தது 2005இல், அவர் இறந்து 23 ஆண்டுகள் கழித்து.

அலைவரிசை பொதுச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995இல் சொன்னது. 2006 முதல் தன்னார்வ அமைப்புகளும் சமுதாய வானொலி நடத்தலாம். தெலங்கானாவில் 2008 அக்டோபர் 15 முதல் சங்கம் ரேடியோவைத் தலித் பெண்களே நடத்துகிறார்கள். ஒலிப்பதிவு, தொகுப்பு, அறிவிப்பு எல்லாம் அவர்கள் கையில்.

நம் மண்ணில் சுண்ணாம்புக்கல் சுரங்கமும் சிமெண்ட் ஆலையும் வந்துவிட்டன. கொல்லை குழியானால் களைவெட்டுப் பாட்டு பாட இடமில்லை. பாடத் தெரிந்த கிழவிகளும் குறைந்து வருகிறார்கள். மாணவத் தோழர்களே, உங்கள் கைப்பேசியில் ஒலிப்பதிவுக் கருவி இருக்கிறது. இந்த விடுமுறையில் ஆளுக்கு ஒருவரைப் பதிவு செய்யுங்கள். அவர் சம்மதத்தோடு பெயரையும் தெருவையும் எழுதுங்கள்; எந்த வேலையில், எவ்வளவு கூலிக்கு அந்தப் பாட்டைப் பாடினார் என்றும் கேட்டு எழுதுங்கள். நமக்கென்று ஒரு வானொலி வரும் நாளில், பாட்டுக்கு முன் பாடியவர் பெயரைச் சொல்ல அந்தக் குறிப்பு வேண்டும்.