குடலுக்குள் ஒரு பள்ளிக்கூடம்

தோட்டப்புறத்தில் வளர்ந்த நம்மில் பலருக்கு விளக்கெண்ணெய் என்றாலே முகம் சுளிக்கும். பள்ளி விடுமுறை வந்தால் போதும், வயிற்றுப் பூச்சி போகட்டும் என்று வீட்டில் அதைக் குடிக்க வைப்பார்கள். அந்தப் பூச்சிகளைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம்.

பூச்சிகள் தீங்கு செய்கின்றன என்பதில் ஐயமில்லை. கொக்கிப்புழு குடற்சுவரைக் கடித்து இரத்தத்தை உறிஞ்சுகிறது. பிள்ளைக்குச் சோகை பிடிக்கிறது. சாட்டைப்புழு மிகுந்தால் வயிற்றுப்போக்கும் வளர்ச்சிக் குறைவும் உண்டாகின்றன.

நம் உடலுக்குள் ஒரு காவற்படை இருக்கிறது. அன்னியரைக் கண்டால் அது தாக்கும். அப்படியிருந்தும் புழு ஆண்டுக்கணக்கில் குடியிருப்பது எப்படி? அப்படையின் வேகத்தைத் தணிக்கும் பொருள்களை அது சுரக்கிறது. குடலில் வாழும் கோடானுகோடி நுண்ணுயிர்களும் காவற்படையைப் பழக்குகின்றன. எதைத் தாக்குவது, எதைப் பொறுத்துக்கொள்வது என்ற பாடத்தைப் படை அங்கேதான் கற்கிறது.

இதற்கு மலேசியாவிலேயே சான்று கிடைத்துள்ளது. மலாயாப் பல்கலைக்கழகத்தாரும் நியூயார்க் பல்கலைக்கழகத்தாரும் இணைந்து செய்த ஓர் ஆய்வு 2016ஆம் ஆண்டில் வெளிவந்தது. மரபணுக் குறையால் குடல் கெட்டிருந்த எலிகளுக்குச் சாட்டைப்புழுவைக் கொடுத்தார்கள். புழுவை எதிர்க்கக் குடல் மிகுதியாகச் சளி சுரந்தது. குளோஸ்ட்ரிடியா வகை நுண்ணுயிர்கள் பெருகின. குடலைக் கெடுத்து வந்த பாக்டீரோயிட்ஸ் வகை குறைந்தது. ஓராங் அஸ்லி மக்களுக்குப் பூச்சி மருந்து கொடுத்துப் பார்த்தபோது இதற்கு நேர்மாறாக முதல் வகை குறைந்து, இரண்டாவதின் இனம் கூடியது.

அப்படியானால் பூச்சி மருந்தை நிறுத்திவிடலாமா? கூடவே கூடாது. சோகை பிடித்த பிள்ளைக்குப் படிப்பு ஏறுமா? புழுவையே மருந்தாக்கும் முயற்சியும் இன்னும் கைகூடவில்லை. பன்றிச் சாட்டைப்புழுவின் முட்டைகளைக் குரோன் என்னும் குடல் நோய்க்குக் கொடுத்துப் பார்த்த பெரிய சோதனை, எதிர்பார்த்த பயனைத் தரவில்லை.

புழு சொல்லிக்கொடுத்த பாடத்தைப் புழு இல்லாமலே உடலுக்குக் கற்பிக்க முடியுமா என்பதே இன்றைய ஆராய்ச்சி. அதுவரை நாம் செய்யக்கூடியது எளியது. மருத்துவர் சொல்லும்போது பூச்சி மருந்து கொடுப்போம். காலில் செருப்பும் கையில் சவர்க்காரமும் மறவாதிருப்போம். தேவையில்லாமல் கிருமிக்கொல்லி மாத்திரைகளை விழுங்கி, நல்ல நுண்ணுயிர்களை அழிக்காதிருப்போம்.